மெஷின் எதைப் பார்த்துச் சொன்னது?

போன வாரம் ஒரே நாளில் இரண்டு கேள்விகள் வந்தன.

காலையில் வந்தது மின்னஞ்சலில். எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி படிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். 'மேடம், எங்கள் துறையில் செல் பரிசோதனைக்காக பிளேட் ரீடர் மெஷின் வாங்கப் போகிறார்கள். மூன்று கம்பெனிகள் கொட்டேஷன் கொடுத்திருக்கின்றன. எல்லாருமே தங்களுடையதுதான் சிறந்தது என்கிறார்கள். எதைப் பார்த்துத் தேர்வு செய்வது?'

சாயங்காலம் வந்தது நேரில். எதிர் வீட்டு அக்கா கையில் போனோடு வந்து நின்றார். 'லேப்பில் நிரூபிக்கப்பட்டது! மஞ்சளில் உள்ள குர்குமின் கேன்சர் செல்களைக் கொல்கிறது. கீமோ எதற்கு?' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி. கூடவே ஒரு படம். வரிசை வரிசையாகக் குழிகள். சில குழிகளில் கரும் ஊதா, சிலவற்றில் வெறும் மஞ்சள்.

"என் தம்பிக்கு வர்ற செவ்வாய்க்கிழமை மூணாவது கீமோ. இதைப் படிச்சுட்டு, ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னு உக்காந்திருக்கான். நீ லேப்ல இருந்தவதானே... இது நெஜமா, பொய்யா? ஒரே வார்த்தையில சொல்லும்மா."

"பொய் இல்லைக்கா. ஆனா..."

அந்த 'ஆனா'வை முடிக்க ஒரு மணி நேரமும் இரண்டு டம்ளர் காபியும் ஆயின. யோசித்துப் பார்த்தால் வாசகியின் கேள்விக்கும் அக்காவின் கேள்விக்கும் பதில் ஒன்றுதான். இந்த வாரம் அதையே எழுதிவிடுகிறேன்.

96 குழிப் பணியாரச் சட்டி

அந்தப் படத்தில் இருந்தது எங்கள் தினசரிப் பாத்திரம். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் தட்டு. குட்டிக் குட்டிக் குழிகள், எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு. மொத்தம் 96. பணியாரச் சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். 1951-ல் ஹங்கேரி நாட்டு டாக்டர் கியூலா டகாட்சி என்பவர் ஆரம்பித்து வைத்த யோசனை இது. இப்போது அதே அளவுத் தட்டில் 384 குழி, 1536 குழி என்றெல்லாம் வந்துவிட்டது.

ஒவ்வொரு குழியிலும் சில ஆயிரம் செல்கள். அவற்றுக்குச் சாப்பாடாக ஒரு திரவம். 37 டிகிரி சூட்டில் இன்குபேட்டரில் வைத்தால் செல்கள் குழியின் அடியில் ஒட்டிக்கொண்டு வளரும். மறுநாள் ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு மருந்தைப் போடுவோம். இரண்டு நாள் கழித்து, எந்தக் குழியில் செல் செத்திருக்கிறது, எதில் பிழைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அந்தப் 'பார்க்க வேண்டும்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆயிரம் குழிகளை ஒவ்வொன்றாக மைக்ரோஸ்கோப்பில் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. மெஷினுக்கோ உயிர் என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்தது நிறமும் வெளிச்சமும்தான். அதனால் உயிருக்குப் பதிலாக ஓர் அடையாளத்தை நாம் வைக்கிறோம். வீட்டுக்குள் ஆள் இருக்கிறார்களா என்று தெருவில் நின்று பார்க்கிறோம் இல்லையா? லைட் எரிந்தால் இருக்கிறார்கள் என்று நினைக்கிறோம். லைட்டைப் போட்டுவிட்டு ஊருக்குப் போனவர்கள் இருக்கலாம். அணைத்துவிட்டுத் தூங்குகிறவர்களும் இருக்கலாம்.

மூன்று வகைக் கண்கள்

முதலாவது, நிறம் பார்ப்பது. படத்தில் இருந்த ஊதா, பெரும்பாலும் எம்.டி.டி. என்ற சாயத்தால் வந்திருக்கும். 1983-லிருந்து உலகம் முழுக்கப் புழங்கும் முறை. சாயத்தைப் போடும்போது மஞ்சளாக இருக்கும். உயிருள்ள செல்லின் என்சைம்கள் அதை ஊதா நிறப் படிகங்களாக மாற்றிவிடும். மூன்று, நான்கு மணி நேரம் கழித்து அந்தப் படிகங்களைக் கரைத்து, 570 நானோமீட்டர் ஒளியை உள்ளே அனுப்பினால், ஊதா எவ்வளவு அடர்த்தி என்று மெஷின் எண்ணாகச் சொல்லிவிடும். செலவு குறைவு. சாதாரண மெஷின் போதும்.

இரண்டாவது, ஒளிரும் சாயம். ஒரு நிற ஒளியை அடித்தால் வேறு நிறத்தில் திருப்பி மினுக்கும். ரெசாஜுரின் என்ற நீலச் சாயத்தை உயிருள்ள செல்கள் இளஞ்சிவப்பாக மாற்றும், அது ஒளிரும். நிறம் பார்ப்பதைவிட நுட்பமானது.

மூன்றாவது, மின்மினிப் பூச்சியின் வித்தை. மின்மினியின் வாலில் லூசிஃபெரேஸ் என்ற என்சைம் இருக்கிறது. செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. கிடைத்தால் அது வெளிச்சம் கொடுக்கும். செல்லை உடைத்து இந்த என்சைமைச் சேர்த்தால், எரிபொருள் எவ்வளவு இருந்ததோ அவ்வளவு வெளிச்சம். பத்து நிமிடத்தில் பதில். ஆனால் ரசாயனம் விலை அதிகம். உடைத்த செல்லை மறுபடி பார்க்கவும் முடியாது.

தட்டின் நிறம்கூட இதைப் பொறுத்து மாறும். நிறம் பார்க்கக் கண்ணாடி போன்ற தட்டு. ஒளிரும் சாயத்துக்குக் கறுப்புத் தட்டு; பக்கத்துக் குழியின் ஒளி கசியாது. மின்மினி வெளிச்சத்துக்கு வெள்ளைத் தட்டு. இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் சிதறாமல் மெஷினுக்கு அனுப்பும்.

நெல்லிக்காய் கற்றுக்கொடுத்த பாடம்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் பட்ட அவமானத்தைச் சொன்னால் மீதி புரிந்துவிடும்.

செல்களுக்கு விஷம் கொடுத்து, நெல்லிக்காய்ச் சாறு அவற்றைக் காப்பாற்றுகிறதா என்று பார்த்தேன். சாறு போட்ட குழிகளெல்லாம் கரும் ஊதா! அதாவது எல்லாச் செல்லும் பிழைத்துவிட்டன. மனசுக்குள் பேப்பர் எழுதி, தலைப்பும் வைத்துவிட்டேன். தட்டைத் தூக்கிக்கொண்டு சீனியரிடம் ஓடினேன்.

அவர் தட்டைப் பார்க்கவே இல்லை. "செல் போடாத குழியில சாறும் சாயமும் மட்டும் போட்டுப் பாத்தியாம்மா?" என்று கேட்டார்.

போட்டுப் பார்த்தேன். ஒரு செல்கூட இல்லாத குழி, ஜம்மென்று ஊதாவானது!

நெல்லியில் இருக்கும் வைட்டமின் சி, துவர்ப்புச் சத்துகள் எல்லாம் அந்தச் சாயத்தை நேரடியாகவே ஊதாவாக்கிவிடும். செல் தேவையே இல்லை. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது, நான் 'காப்பாற்றிய' செல்கள் சுருண்டு செத்துக் கிடந்தன. மெஷின் பொய் சொல்லவில்லை. 'ஊதா இருக்கிறதா?' என்று நான் கேட்டேன், 'இருக்கிறது' என்று அது சொன்னது. 'உயிர் இருக்கிறதா?' என்று கேட்டதாக நான் நினைத்துக்கொண்டேன்.

மின்மினி கிளப்பிய சந்தேகம்

என் தவறால் போனது இரண்டு மாத உழைப்பு. இதே மாதிரி சந்தேகம் பெரிய இடத்திலும் வந்திருக்கிறது.

டுஷேன் தசைச் சிதைவு நோயைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆண் குழந்தைகளுக்குத்தான் பெரும்பாலும் வரும். ஓடியாடிய பையன் மெல்ல மெல்ல நடையை இழந்து சக்கர நாற்காலிக்கு வந்துவிடுவான். இவர்களில் ஒரு பகுதியினருக்குக் காரணம், மரபணுவில் வாக்கியத்தின் நடுவே தவறாக விழுந்த ஒரு முற்றுப்புள்ளி. அதோடு செல் படிப்பதை நிறுத்திவிடுகிறது. தேவையான புரதம் பாதியில் நின்றுபோகிறது.

அந்த முற்றுப்புள்ளியைத் தாண்டிப் படிக்க வைக்கும் மருந்து கிடைக்காதா என்று அமெரிக்காவின் பி.டி.சி. தெரபியூட்டிக்ஸ் நிறுவனம் தேடியது. லூசிஃபெரேஸ் மரபணுவின் நடுவில் வேண்டுமென்றே ஒரு முற்றுப்புள்ளி வைத்து, அதைச் செல்லுக்குள் செலுத்தினார்கள். மருந்து வேலை செய்தால் முழு லூசிஃபெரேஸ் உருவாகும், வெளிச்சம் வரும். அருமையான யோசனை. சுமார் 8 லட்சம் ரசாயனங்களைச் சோதித்தார்கள். அந்த வேட்டையிலிருந்து வந்த மருந்துதான் பி.டி.சி.124, பின்னாளில் அட்டலூரென். 2007-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது. எத்தனை பெற்றோர் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்!

2009-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் விஞ்ஞானிகள் வேறொரு கண்ணால் பார்த்தார்கள். மின்மினி லூசிஃபெரேஸுக்குப் பதில், கடல்வாழ் உயிரினமான ரெனில்லாவின் லூசிஃபெரேஸை வைத்தார்கள். வெளிச்சம் கூடவில்லை. மருந்து மின்மினி என்சைமையே நேரடியாகப் பிடித்துக்கொள்கிறது என்று கண்டார்கள். வழக்கமாகச் செல்லுக்குள் சீக்கிரம் சிதைந்துபோகும் அந்த என்சைம், மருந்து பிடித்துக்கொண்டதால் சிதையாமல் சேர்ந்துகொண்டே போகிறது. சேரச் சேர வெளிச்சம் கூடுகிறது. முற்றுப்புள்ளியைத் தாண்டினாலும் வெளிச்சம், தாண்டாவிட்டாலும் வெளிச்சம்!

எங்களிடம் வேறு ஆதாரங்களும் இருக்கின்றன என்றது நிறுவனம். விவாதம் நீண்டது. ஐரோப்பாவில் 2014-ல் நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. பிறகு நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளில் பலன் உறுதியாகவில்லை என்று, 2025-ல் அந்த அனுமதியைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். அந்த மருந்தின் முழுக் கதையும் ஒரு வெளிச்சத்தில் அடங்கிவிடாது. ஆனால் இரண்டாவது கண்ணை முதல் நாளே வைக்க வேண்டும் என்பதை எங்கள் துறை அதில் ஆழமாகக் கற்றுக்கொண்டது.

யாருடைய செல்?

மெஷின் சரி, சாயம் சரி, ஆனால் செல் தவறாக இருந்தால்? 2020-ல் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரைக்கு மெடிக்கல் ஷாப்புகளில் அலைந்தது ஞாபகம் இருக்கிறதா? அதன் உறவுக்கார மருந்தான குளோரோகுயின் கொரோனாவைத் தடுக்கிறது என்று அந்த வருடத் தொடக்கத்தில் வந்த ஆய்வு, வீரோ என்ற செல்லில் செய்தது. ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து 1962-ல் ஜப்பானில் எடுத்து வளர்த்த செல் அது. மனித நுரையீரல் செல்லில் செய்து பார்த்தபோது மருந்து வைரஸைத் தடுக்கவில்லை. நுரையீரல் செல்லுக்குள் வைரஸ் நுழைய இன்னொரு வாசல் உண்டு. இந்தக் குரங்கு செல்லில் அந்த வாசல் திறப்பதில்லை. திறக்காத வாசலைப் பற்றித் தட்டு எப்படிச் சொல்லும்? பிறகு ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனையும் 'பலன் இல்லை' என்றே முடிந்தது.

மஞ்சளுக்கு வருவோம்

இப்போது அக்காவின் போனில் இருந்த படம். குர்குமின் போட்ட குழியில் ஊதா குறைந்தது நிஜம். ஆனால் ஊதா குறைந்தால் செல் செத்துத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வளர்ச்சி மட்டும் நின்றிருக்கலாம். என்சைம்கள் சோர்ந்திருக்கலாம். குர்குமினுக்கே சொந்த நிறமும் சொந்த ஒளியும் உண்டு. பச்சையாக ஒளிரும் சாயத்தை வைத்து அளந்தால், குர்குமினின் மினுக்கலும் கணக்கில் சேர்ந்துவிடும். போதாததற்கு, சாதாரண உப்புக் கரைசலில், உடம்புச் சூட்டில், அரை மணி நேரத்தில் சுமார் 90 சதவீதம் சிதைந்துவிடும் பொருள் அது. 2017-ல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் குர்குமின் ஆராய்ச்சிகளை அலசி எழுதிய கட்டுரையில் இதையெல்லாம் பட்டியல் போட்டார்கள். பலவிதமான சோதனைகளை ஏமாற்றக்கூடிய மூலக்கூறு என்றே சொன்னார்கள். நோயாளிக்கும் தெரியாமல், டாக்டருக்கும் தெரியாமல் போலி மாத்திரையோடு ஒப்பிட்டுச் செய்யும் முறையான சோதனைகளில், அதுவரை குர்குமின் ஜெயிக்கவில்லை என்பதும் அவர்கள் கண்டது.

சரி, தட்டில் செல் நிஜமாகவே செத்தது என்றே வைத்துக்கொள்வோம். அங்கே போடும் அளவு பெரும்பாலும் 10 முதல் 50 மைக்ரோமோலார். தைவானில் தினம் 8 கிராம் சுத்தமான குர்குமின் கொடுத்துப் பார்த்தபோது, ரத்தத்தில் உச்சத்தில் இருந்ததே சுமார் 1.8 மைக்ரோமோலார். மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். எட்டு கிராமுக்குத் தினம் கால் கிலோவுக்கு மேல் மஞ்சள்தூள் சாப்பிட வேண்டும். சாம்பாரில் போடும் அரை ஸ்பூனை நினைத்துப் பாருங்கள்.

மஞ்சள் கெட்டது என்று நான் சொல்லவில்லை. என் வீட்டு அடுக்களையிலும் இருக்கிறது. அந்தப் படத்தை நம்பி கீமோவை நிறுத்தாதீர்கள் என்பதே நான் சொல்வது. கீமோ நடக்கும்போது குர்குமின் மாத்திரை சாப்பிடுவதாக இருந்தால், டாக்டரிடம் சொல்லாமல் சாப்பிடவும் வேண்டாம்.

மெஷின் வாங்கப் போகிற வாசகிக்கு

மெஷினைக் கடைசியில் தேர்வு செய்யுங்கள் அம்மா. முதலில் கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள். செல் செத்ததா, வளர்ச்சி நின்றதா, ஒரு குறிப்பிட்ட மரபணு வேலை செய்ததா? மூன்றும் மூன்று கேள்விகள். அதற்குப் பொருத்தமான அடையாளத்தைத் தேர்ந்தெடுங்கள். பிறகு தட்டு. அதற்குப் பிறகுதான் கொட்டேஷன்.

மாணவர்கள் செய்யப் போவது எம்.டி.டி. மட்டும் என்றால், நிறம் பார்க்கும் மெஷினே போதும். மிச்சப் பணத்தில் நல்ல தலைகீழ் மைக்ரோஸ்கோப் ஒன்று வாங்குங்கள். எண்ணை நம்புவதற்கு முன் கண்ணால் செல்லைப் பார்க்கும் பழக்கம் வரும். நிறம், ஒளிர்தல், வெளிச்சம் மூன்றையும் பார்க்கும் மெஷினுக்குப் பணம் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு கண் சொன்னதை இன்னொரு கண்ணால் சரிபார்க்கலாம். செல்லைப் படம் எடுத்து எண்ணும் மெஷின்கள் நிறைய சொல்லும். ஆனால் படங்களைச் சேமிக்கவும் அலசவும் ஆளும் கம்ப்யூட்டரும் வேண்டும்.

விற்பனைக்காரரிடம் டெமோ கேளுங்கள். அவர் கொண்டுவரும் தட்டில் வேண்டாம், உங்கள் செல்லில். உயிருள்ள குழிகள் கொஞ்சம், முழுக்கச் செத்த குழிகள் கொஞ்சம். இரண்டுக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு, ஒரே மாதிரிக் குழிகளுக்குள் சிதறல் எவ்வளவு என்று பாருங்கள். இதை ஒரே எண்ணாகச் சொல்ல 1999-ல் வந்த கணக்கு, இசட் பிரைம். ஒன்றுக்கு அருகில் போகப் போக நல்லது, 0.5-க்கு மேல் என்றால் துணிந்து இறங்கலாம். ரிப்பேர் பார்க்க இன்ஜினீயர் எந்த ஊரிலிருந்து வருவார், வருட ஒப்பந்தம் எவ்வளவு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

எந்த மெஷின் வாங்கினாலும், செல் இல்லாத குழியில் மருந்தும் சாயமும் மட்டும் போட மறக்காதீர்கள். அந்த ஒரு வரிசைக்கு ஆகும் செலவு சில சொட்டுகள். ஓரத்துக் குழிகள் சீக்கிரம் வற்றும். அங்கே வெறும் தண்ணீரை ஊற்றிவிட்டு உள்குழிகளில் சோதனை செய்யுங்கள். ஒரு முறையில் கிடைத்த பதிலை, வேறு வழியில் வேலை செய்யும் இன்னொரு முறையில் பார்க்காமல் யாரிடமும் சொல்லாதீர்கள். முக்கியமாக, பத்திரிகைக்காரர்களிடம்!

செவ்வாய்க்கிழமை

அன்று ராத்திரி அக்காவின் தம்பியே வந்தார். இளைத்திருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"சரிங்கக்கா... கீமோ மருந்தும் ஒருநாள் இந்த மாதிரி எங்கயாவது செல்லைக் கொன்னுதானே வந்திருக்கும்? அதை மட்டும் எப்படி நம்பறது?"

நியாயமான கேள்வி. "ஆமா தம்பி, ஆரம்பம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான். ஆனா அது அங்கயே நிக்கல. எலி, அப்புறம் மனுஷங்க. உங்களை மாதிரி எத்தனையோ பேர் அந்த மருந்தை ஏத்திக்கிட்டாங்க, அவங்கள்ல எத்தனை பேர் எவ்வளவு நாள் இருந்தாங்கன்னு எண்ணிப் பாத்திருக்காங்க. அங்க எண்ணினது ஊதா நிறத்தை இல்ல, ஆளுங்களை" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு எதிர் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. அக்கா ஒரு பையோடு ஏறினார். பின்னாலேயே தம்பியும் ஏறினார். போகிற போக்கில் என் பக்கம் பார்த்து, "சாயங்காலம் வந்து இன்னும் ரெண்டு கேள்வி கேப்பேன்க்கா" என்றார்.

கேட்கட்டும். உங்களுக்கும் 'லேப்பில் நிரூபிக்கப்பட்டது' என்று ஏதாவது வந்தால், ஃபார்வர்ட் செய்வதற்கு முன் மூன்றே மூன்று கேள்விகள் கேளுங்கள். எதில் பார்த்தார்கள், தட்டிலா மனிதரிடமா? எதை அளந்தார்கள், நிறத்தையா உயிரையா? போட்ட அளவு நம் ரத்தத்துக்கு வந்து சேருமா? பதில் கிடைக்கவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். சேர்ந்து தேடுவோம்.